அருணாசலவடிவின் பேய்க்கணவாய்

தூத்துக்குடி துறைமுகச் சாலையில் அபிலாஷ் எடைமேடை என்று ஒன்று இருக்கிறது. உப்பு, கரி, மரத்தடி, முந்திரிக்கொட்டை என்று எதை ஏற்றிய லாரியானாலும் அங்கே ஏறி நின்று, எடை போட்டு, சீட்டு வாங்கிக்கொண்டு போகும். காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை சீட்டு அடிக்கிறவள் நான். என் பெயர் கிளாடிஸ். இரண்டு மணிக்கு என்னிடம் சாவியை வாங்கிக்கொண்டு அதே நாற்காலியில் உட்காருகிறவள் அருணாசலவடிவு.

அவளுக்கு வயது முப்பத்தொன்பது. பிறந்த ஊர் ஆறுமுகநேரி. கணவன் லிங்கதுரை இங்கே ஒரு சரக்குக் கிட்டங்கியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றிப் பேச வேண்டியதையெல்லாம் முதல் பத்து வருடத்திலேயே பேசித் தீர்த்துவிட்டு, தெரு வேறு வீடு பார்த்துப் போய்விட்டது. அவளும் லிங்கதுரையும் அதற்குப் பிறகு நிம்மதியாகத்தான் இருந்தார்கள். அவள் ஓவியர் ஆகிவிட்டாள் என்று ஊர் கண்டுபிடிக்கிற வரைக்கும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு உப்பு லாரி சொட்டிவிட்டுப் போன நீரில், எடைமேடையின் இரும்புத் தகட்டில் வழுக்கி விழுந்து வடிவுக்குக் கணுக்கால் முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. படுத்தபடியே கைபேசியில் எதை எதையோ தள்ளிக்கொண்டு வந்தவள் கண்ணில் ஒரு கார்ட்டூன் தொடர் பட்டது. 'ஆழ்கடல் அஞ்சலகம்' என்று பெயர். எங்கேயோ வெளிநாட்டில் எடுத்து, தமிழில் பேசவைத்திருந்தார்கள். கப்பலில் போகிறவர்கள் கடலில் தவறவிட்ட கடிதங்களையெல்லாம் மீன்கள் எடுத்துப் பிரித்து, உரியவர்களிடம் சேர்ப்பதுதான் கதை. மினா என்று ஒரு பறவைமீன். அதுதான் கதாநாயகி. துடிப்பு, தைரியம், கண்ணீர் எல்லாம் அதற்குத்தான். உலகம் முழுக்க மினாவுக்குத்தான் ரசிகர்கள்.

வடிவுக்குப் பிடித்தது கூபுவை. கூபு அந்த அஞ்சலகத்தின் தலைமை எழுத்தர். எங்கள் கடல்பக்கத்தில் பேய்க்கணவாய் என்று சொல்லுகிற எட்டுக்கால் ஜீவன். எட்டுக் கைகளிலும் எட்டுச் சாமான் வைத்திருக்கும், ஒரு வேலையும் முடிந்திருக்காது. யார் எது கேட்டாலும், "முத்திரை வேண்டுமென்றால் வரிசையில் நில்" என்று சொல்லும். தொடரின் நான்கு பருவங்களிலும் சேர்த்து கூபு திரையில் வருவது முப்பத்தேழு நிமிடம். நான் சொல்லவில்லை, வடிவு எண்ணிப் பார்த்துச் சொன்னது.

"எட்டுக் கை இருந்தும் அதுக்கு நேரம் பத்த மாட்டேங்கு. எனக்கு ரெண்டே கை. அதைப் பாத்தா மனசு லேசாயிருது" என்றாள் ஒரு நாள். அதற்கு மேல் விளக்கம் கேட்டால் அவளிடம் இல்லை.

கட்டுப் பிரித்து வேலைக்கு வந்த வாரமே வரைய ஆரம்பித்துவிட்டாள். லாரிக்கும் லாரிக்கும் நடுவில் பத்து நிமிடம், கால் மணி கிடைக்கும். தவறாக அடித்துக் கிழிக்க வேண்டிய எடைச் சீட்டுகளின் பின்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் கூபு. முதல் ஐம்பது கூபுவும் கத்திரிக்காய்க்கு வேர் விட்ட மாதிரி இருந்தன. நூறைத் தாண்டியபோது அது முறைக்க ஆரம்பித்தது. இருநூறாவது கூபு முறைத்ததில், காலையில் மேசை இழுப்பறையைத் திறந்த நான் ஒரு நொடி எழுந்து நின்றுவிட்டேன். பிறகு கலர் பென்சில் வந்தது, அதற்குப் பிறகு தவணையில் ஒரு டேப்லட்டும் அதற்கான பேனாவும். 'எடைமேடை' என்ற பெயரில் இன்ஸ்டாகிராமில் ஒரு கணக்குத் திறந்து, வாரத்துக்கு இரண்டு கூபு போட்டாள். குடை பிடித்த கூபு, பல்வலி வந்த கூபு, விடுப்பு விண்ணப்பம் எழுதுகிற கூபு. பிரேசிலிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் ஆட்கள் வந்து இதயம் இதயமாகப் போட்டார்கள்.

அது அத்தோடு நின்றிருந்தால் நான் எழுத ஒன்றுமிருக்காது.

முதலில் பார்த்தது ஒரு லாரி டிரைவர். சீட்டு வாங்கக் கையை நீட்டியவர், மேசையில் கிடந்த படத்தைக் கண்டுவிட்டார்.

"யக்கா, நீங்க வரைவியளா? நம்ம வண்டி முன்னாடி கண்ணாடிக்கு மேல ஒரு சிங்கம் போட்டுக் கொடுங்க. வாயத் தொறந்த மாதிரி."

"எனக்கு சிங்கம் வராது, தம்பி."

"இவ்வளவு கஷ்டமான ஜந்துவையே வரையுதிய. சிங்கத்துக்கு நாலு காலுதான."

இது பரவியது. அடுத்த வாரத்திலிருந்து எடைமேடைக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் எடை போட வந்தார்கள், பாதிப் பேர் படம் கேட்க வந்தார்கள். ஒருவருக்கு மகள் முகம் வேண்டும், ஆதார் அட்டையைப் பார்த்து. ஒருவருக்குக் காளை. ஒருவருக்குக் கட்சித் தலைவர், ஆனால் இருபது வயது குறைத்து. எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் கடைசியில் சொன்னார்கள்: "உங்களுக்கு இது கால் மணி நேர வேலைதான." அவள் எல்லோரிடமும் ஒரே பதிலைத்தான் சொன்னாள்: "எனக்கு கூபு மட்டும்தான் வரையத் தெரியும்." ஒருவரும் நம்பவில்லை. ராங்கி பிடித்தவள் என்று பேராயிற்று.

எங்கள் முதலாளி அபிலாஷ் நல்ல பையன். அப்பா விட்டுப்போன எடைமேடையை எம்.பி.ஏ. படித்துவிட்டு வந்து நடத்துகிறான். எங்களை அக்கா என்றுதான் கூப்பிடுவான். ஒரு நாள் இரண்டு மணிக்கு, நான் சாவி கொடுக்கிற நேரம் பார்த்து வந்தான்.

"வடிவக்கா, உங்க கணக்குல ஆறாயிரம் பேரு இருக்காங்க. நமக்கு அது பெரிய பிராண்டிங். சாலையைப் பாத்த சுவர் முழுக்க கூபு. எட்டுக் கையிலயும் எட்டுத் தராசு. எப்படி?"

வடிவுக்கே அது பிடித்துப்போயிற்று. பென்சிலில் ஒரு மாதிரி கூடப் போட்டுவிட்டாள். நான்கு நாள் கழித்து அபிலாஷ் மறுபடி வந்தான். முகத்தில் வக்கீலைப் பார்த்துவிட்டு வந்த களை.

"அக்கா, ஒரு சின்ன மாத்தம். அது வேற கம்பெனியோட கேரக்டராம். அப்படியே போட்டா வழக்கு வருமாம். அதனால அதே மாதிரி, ஆனா அது இல்லாத மாதிரி போட்டுருவோம். ஒரு கையக் குறைச்சிருங்க."

"ஏழு கைன்னா அது கூபு இல்லையே, தம்பி."

"அதான்க்கா எனக்கு வேணும்."

"கூபு இல்லன்னா அதை நான் எதுக்கு வரையணும்?"

அபிலாஷ் என்னைப் பார்த்தான். நான் லாரியைப் பார்த்தேன். கடைசியில் சுவரில் 'துல்லியமே எங்கள் தொழில்' என்று எழுத்து மட்டும் வந்தது. அதிலும் வேறொரு பெயிண்டர் ஒரு ல்-ஐ விட்டுவிட்டார்.

மற்றவர்களைச் சொல்லிவிட்டு நான் தப்பித்துக்கொள்வது நியாயமில்லை. நானும் கேட்டவள்தான். என் மகள் ஸ்டெபிக்கு அந்த வருடம் புதுநன்மை, கோயிலில் முதல் தடவை நற்கருணை வாங்குகிற சடங்கு. அழைப்பு அட்டைக்கு ஒரு சம்மனசு, அதாவது தேவதூதர் படம், வேண்டும் என்று கேட்டேன். கடையில் ஆயிரம் அட்டை இருக்கிறது. ஆனால் கூடவே வேலை பார்க்கிறவள் ஓவியர் என்றால், கடைக்குப் போவது நமக்கே ஒரு தோல்வி மாதிரி இருக்கிறதல்லவா?

"எனக்குச் சம்மனசு வராது, கிளாடிஸ்."

"ஏளா, ஒரு வெள்ளச் சட்டை, ரெண்டு ரெக்கை. அதுல என்ன வராம இருக்கு?"

"முகம் வராது. நான் யாரை வரைஞ்சாலும் கூபு முகந்தான் வருது."

நான் ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போவேன். எட்டாம் நாள் இழுப்பறையில் ஓர் உறை இருந்தது. உள்ளே சம்மனசு. சட்டை, இறகு எல்லாம் அப்படியே பூப்போல. முகம் மட்டும், சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டுவிட்ட எழுத்தரின் முகம். சொர்க்கத்தின் கதவை வந்து திறக்கச் சொன்னால் நாளைக்கு வா என்று சொல்லிவிடும் போலிருந்தது. வேறு வழியில்லாமல் அதையே அடித்தேன். எங்கள் கோயில் பங்குச்சாமி அட்டையைக் கண்ணாடி போட்டு ஒரு தடவை, கழற்றி ஒரு தடவை பார்த்தார். ஸ்டெபி மட்டும் அந்தச் சம்மனசைத் தன் அலமாரியில் ஒட்டிவைத்து, சாமியிடம் பாவத்தைச் சொல்லப்போகிற பாவசங்கீர்த்தனத்துக்கு முன்னால் அதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்றாள். அது ஒரு நல்ல காரியம்தானே என்று நானும் விட்டுவிட்டேன்.

இந்தச் சமயத்தில்தான் தேவபிரசாதம் சார் வந்து சேர்ந்தார். நாசரேத் பக்கத்துக்காரர். பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கொற்கைக்கரை கலைப் பேரவை என்று ஒரு அமைப்பின் தலைவர். ஜிப்பா, தோளில் துணிப்பை, பின்னால் ரப்பர் வளையம் போட்டுக் கட்டிய நரைமுடி. ஒரு கலைஞர் எப்படி இருக்க வேண்டும் என்று சந்தேகம் வந்தால் அவரைப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வருடமும் பேரவை ஒருவருக்கு 'கடலோரத் தூரிகை' என்ற பட்டம் கொடுக்கும். இந்த வருடம் ஒரு பெண்ணுக்குக் கொடுப்பது என்று முடிவாகி, பெண்ணைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சாரும் இன்னும் இரண்டு பேரும் வடிவு வீட்டுக்குப் போனார்கள். நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன். வடிவு தரையில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள். சிந்திய சாயம் இல்லை. கிழிந்த காகிதம் இல்லை. பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தது. அவர்கள் முகம் கொஞ்சம் வாடிவிட்டது.

"எங்க வரையுதிய, அம்மா? உங்க இடம் எது?" என்று கேட்டார் சார்.

"எடைமேடைல. இங்கன வச்சு வரைய நேரம் ஏது?"

"எந்த வலி உங்களை வரைய வச்சுது?"

"கணுக்கால், சார்."

சார் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். கூட வந்தவர் ஒருவர், சுவரில் குழந்தைப் படம் எதுவும் இல்லாததைப் பார்த்துவிட்டு, அடுத்தவருக்குக் கண்ணால் எதையோ சொன்னார். அடுத்தவர் துக்கமாகத் தலையாட்டினார். பத்து நாள் கழித்து அழைப்பிதழ் வந்தபோது அதில் 'வலியில் பிறந்த தூரிகை' என்று போட்டிருந்தது. லிங்கதுரை அதைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு, "நான் அப்படி என்னளா செஞ்சிட்டேன்?" என்று கேட்டான்.

பட்டத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது. விழாவோடு ஓவியக் கண்காட்சியும் உண்டு. அதற்கு வடிவு 'சொந்தமாக' ஒரு படம் தர வேண்டும்.

"இதுவும் சொந்தமா வரைஞ்சதுதான், சார்" என்றாள் வடிவு, டேப்லட்டைக் காட்டி.

"இது யாரோ உண்டாக்கின பாத்திரம். நல்ல கைதான், இல்லன்னு சொல்லல. ஆனா கலைஞர் தன் மண்ணை வரையணும். உங்க மக்களை வரைங்க. முத்துக்குளிக்கிறவங்களை வரைங்க."

"முத்துக்குளிச்சு அறுபது வருசத்துக்கு மேல ஆயிட்டே, சார். நான் யாரையும் பாத்ததில்ல."

"பாத்துதான் வரையணும்னு இருக்கா?"

"அப்ப கூபுவையும் யாரும் பாத்ததில்லையே" என்றாள். எதிர்த்துப் பேசுகிற எண்ணமே இல்லை அவளுக்கு. உண்மையாகவே சந்தேகம் கேட்டாள். சார் சிரித்துவிட்டு, தேதியைச் சொல்லிவிட்டுப் போனார்.

வடிவு மூன்று வாரம் அதில் கிடந்தாள். நல்ல தாளில், வாட்டர் கலரில். முத்துக்குளிக்கிறவர் ஒருவர், இடுப்பில் கயிறு, கையில் சிப்பிக் கூடை, மூச்சை அடக்கி அடிக்கடலுக்கு இறங்கியிருக்கிறார். அங்கே ஒரு அஞ்சலகக் கவுண்டர். கவுண்டருக்குப் பின்னால் கூபு. எட்டுக் கையில் ஒரு கையை நீட்டி, 'வரிசை' என்று எழுதிய பலகையைக் காட்டுகிறது. முத்துக்குளிக்கிறவருக்கு முன்னால் நாலு சுறா நிற்கிறது. அவர் கன்னம் உப்பியிருக்கிறது. எனக்கு அதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது, பிறகு மூச்சு முட்டியது.

"பேரவை கேட்டதும் இருக்கு, எனக்குப் பிடிச்சதும் இருக்கு" என்றாள். எல்லோரையும் திருப்திப்படுத்திவிட்டதாக நினைத்தாள், பாவம்.

விழா ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடத்தில் நடந்தது. சாம்பார் வாசம் இன்னும் போகவில்லை. மொத்தம் பதினேழு படம். அவற்றில் பதினொன்றில் முத்துக்குளிப்பவர்கள். ஒருவர் சூரியனைப் பார்த்துக் கையை விரித்திருந்தார், ஒருவரின் கண்ணீர்த்துளியே முத்தாக உருண்டது, ஒருவருக்குப் பதக்கம் வாங்கும் அளவுக்கு உடற்கட்டு. வரைந்தவர்களில் ஒருவருக்கும் நீச்சல் தெரியாது என்று பிறகு பேச்சுவாக்கில் தெரிந்தது.

மேடையில் ஒரு ஓரமாக இஞ்ஞாசி என்பவரை உட்காரவைத்திருந்தார்கள். திரேஸ்புரத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். இன்றைக்கும் கடலில் இறங்கிச் சங்கு எடுக்கிறவர். 'கடலின் மைந்தர்' என்று சொல்லிச் சால்வை போட்டார்கள். நேரம் குறைவு என்பதால் அவர் பேச வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

பேசத் தெரிந்தவர்கள் பேசினார்கள். முதலில் வந்தவர் வடிவின் படத்தைக் காட்டி, அந்தப் பேய்க்கணவாய் கடலை வளைத்துப் பிடிக்கும் பன்னாட்டு முதலாளிகள் என்றார். அடுத்து வந்த அம்மா, அது ஆணாதிக்கத்தின் எட்டுக் கரங்கள் என்றார். லிங்கதுரை தன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டான். சிறப்பு விருந்தினர் ஏதோ ஒரு அரசு அலுவலகத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குப் பேச்சில் ஆரம்பத்திலிருந்தே சுரத்தில்லை. "எங்க அலுவலகத்துல நாங்க யாரையும் வரிசையில நிக்க வச்சதில்ல. எல்லாம் ஆன்லைன்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

பிறகு மைக்கை வடிவிடம் கொடுத்தார்கள். இந்தப் படத்தின் மூலம் சமூகத்துக்கு என்ன சொல்ல வருகிறீர்கள் என்று கேட்டார் தேவபிரசாதம் சார்.

வடிவு மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இது கூபு. எனக்கு இதை ரொம்பப் பிடிக்கும்" என்றாள்.

கூட்டம் காத்திருந்தது. அவளும் காத்திருந்தாள். அவ்வளவுதான் என்று புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள். நான்தான்.

பட்டம் கொடுக்கிற நேரத்தில் மேடையில் ஒரு சின்ன ஆலோசனை நடந்தது. அச்சடித்த சான்றிதழை ஒதுக்கி வைத்துவிட்டு, வெற்றுச் சான்றிதழ் ஒன்றில் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். 'கடலோரத் தூரிகை' இல்லை. 'வளரும் ஓவியர்'. முப்பத்தொன்பது வயதில் வளர்வதற்கு இன்னும் இடம் இருக்கிறது என்பதில் லிங்கதுரைக்கு ஒரே சந்தோஷம்.

கூட்டம் கலைந்து டீ கொடுக்கும்போது இஞ்ஞாசி சுவரோரமாகப் படங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். சால்வையை மடித்து அக்குளில் வைத்திருந்தார். கையை விரித்திருந்த முத்துக்குளிப்பவர் முன்னால் நின்று, "இவன் இப்படி வாயைத் தொறந்தான்னா மேல வரமாட்டான்" என்றார், யாரிடம் என்றில்லாமல். பிறகு கூபுவிடம் வந்தார். ரொம்ப நேரம் நின்றார்.

"யாரு வரைஞ்சது?"

"நாந்தான், அண்ணாச்சி" என்றாள் வடிவு.

"பேய்க்கணவா இப்படித்தான் பாக்கும். எட்டு பாகம், அம்பது அடி ஆழத்துல, பாறைப் பொந்துக்குள்ள இருந்துக்கிட்டு. நம்ம வீட்டுக்கு இவன் எதுக்கு வாரான்னு ஒரு பார்வை. நீங்க கடல்ல இறங்கிருக்கியளா?"

"எனக்குத் தண்ணின்னா பயம். இது கார்ட்டூன்ல வருது, அண்ணாச்சி."

"எந்தக் கார்ட்டூன்?"

வடிவு அவருடைய கைபேசியை வாங்கி, 'ஆழ்கடல் அஞ்சலக'த்தைத் தேடி எடுத்துக் கொடுத்தாள்.

அன்று மாலையே படத்தைத் தன் கணக்கில் போட்டாள். மேடையில் கிடைக்காத சந்தோஷம் அங்கே கிடைக்கும் என்று நினைத்தாள். ஆங்கிலத்தில் வருவதை நான்தான் அவளுக்குப் படித்துச் சொல்வேன், அதனால் எனக்கு வரி வரியாகத் தெரியும். முத்திரை இடதுபக்கம் இரண்டாம் கையில் இருக்க வேண்டும், மூன்றாம் கையில் வரைந்திருக்கிறாய், தொடரை நீ ஒழுங்காகப் பார்க்கவில்லை என்றார் ஒருவர். அந்த உலகத்தில் மனிதர்களே கிடையாது, இது கூபுவுக்குச் செய்த துரோகம் என்றார் இன்னொருவர். வழக்கமாக வியாழக்கிழமை போடுவாய், மூன்று நாள் தாமதம், எங்களைப் பற்றி உனக்கு அக்கறையே இல்லை என்று ஒருவர். இது கையால் வரைந்ததே இல்லை, கணினி போட்டுக்கொடுத்தது, முடிந்தால் வரைகிற வீடியோவைப் போடு என்று ஒருவர். வடிவு வீடியோ எடுத்துப் போட்டாள். பின்னால் லாரி ஹாரன் அதிகமாகக் கேட்கிறது, கலைஞர் அமைதியான இடத்தில் வரைய வேண்டும் என்று அதற்கு ஒருவர் அறிவுரை எழுதினார்.

வடிவு கோபப்படவில்லை. ஒரு மாதம் ஒன்றும் போடவில்லை, அவ்வளவுதான். மூன்றாவது வாரத்தில் எங்கேயோ யாரோ அவள் இறந்துவிட்டதாக எழுதிவிட்டார்கள். திட்டிய ஆட்களே மெழுகுவர்த்திப் படம் போட்டு, இப்படி ஒரு கூபு கலைஞர் இனி பிறக்கப்போவதில்லை என்றார்கள். மூன்றாம் கை என்று சொன்னவர்தான் ரொம்ப அழுதிருந்தார்.

"செத்தாத்தான் சும்மா விடுவாங்க போல" என்றாள் வடிவு. மறுநாள் ஒரு கூபு போட்டாள். எட்டுக் கையிலும் மெழுகுவர்த்தி. உயிரோடு இருப்பது தெரிந்ததும், அவர்கள் மறுபடி தேதி கேட்க ஆரம்பித்தார்கள்.

அந்த ஆடியில் காற்று பலமாக இருந்தது. சங்குகுளிக்காரர்கள் வாரக்கணக்கில் கடலுக்குப் போகவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு, உடைந்த சங்கும் சிப்பியும் ஏற்றிய ஒரு மினி லாரி எடைமேடையில் ஏறியது. முன்னால் இருந்து இறங்கியவர் இஞ்ஞாசி.

"நாலு பருவமும் பாத்துட்டேன்" என்றார், வணக்கம் கூடச் சொல்லாமல்.

வடிவின் முகம் மலர்ந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். "கூபு எப்படி, அண்ணாச்சி?"

"கூபுவா? அது கிடக்கு. எனக்கு அந்த விலாங்குதான்."

அந்தத் தொடரில் ஜூமோ என்று ஒரு விலாங்கு. முத்திரைகளைத் திருடுகிற வில்லன். வடிவுக்கு ஆகவே ஆகாது.

"அது கள்ளப்பயல்லா, அண்ணாச்சி."

"அது என்ன களவு செஞ்சுது? அது குடியிருந்த பொந்துல கொண்டுபோய் இவங்க ஆபீஸைக் கட்டிட்டாவ. அது கேட்டா வரிசையில நில்லுங்கு உங்க கூபு. பிறகு அது எடுக்காம என்ன செய்யும்?"

வடிவு பதினைந்து நிமிடம் வாதாடினாள். பின்னால் இரண்டு உப்பு லாரி ஹாரன் அடித்தது. என் வேலை நேரம் முடிந்துவிட்டது, ஆனாலும் நான்தான் உட்கார்ந்து சீட்டு அடித்தேன். அதிலிருந்து காற்று ஓய்கிற வரைக்கும், லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், வெள்ளிக்கிழமை இஞ்ஞாசி வருவார். கூபுவா ஜூமோவா என்று வழக்கு நடக்கும். இரண்டு பேரும் எதிராளியை ஒரு அங்குலம் கூட நகர்த்தவில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் அவளைப் பார்த்ததில்லை.

நாலாவது வெள்ளிக்கிழமை அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்தார். கொஞ்சம் வெட்கப்பட்டார். "நானும் போட்டுப் பாத்தேன்" என்று நீட்டினார். பால்பாயிண்ட் பேனாவால் ஜூமோ. நோட்டு முழுக்க ஜூமோ. நங்கூரக் கயிற்றை அவிழ்த்துப் போட்டு, ஒரு முனையில் கண் வைத்த மாதிரி இருந்தது.

வடிவு பக்கம் பக்கமாகப் புரட்டினாள். எதையாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று தேடினாள் என்பது எனக்குத் தெரிந்தது. பிறகு சொன்னாள்:

"அண்ணாச்சி, நீங்க தினமும் கடலுக்குள்ள போற ஆளு. நாங்க யாரும் பாக்காததையெல்லாம் பாக்குதிய. இந்தக் கார்ட்டூனைப் போய் எதுக்கு வரையணும்? நீங்க பாத்ததை வரையலாம்லா. சங்கை வரைங்க. உங்க தொழிலை வரைங்க."

நான் சீட்டு அடிப்பதை நிறுத்திவிட்டேன்.

இஞ்ஞாசி நோட்டை மெதுவாகத் திருப்பி வாங்கிக்கொண்டார். அவர் கோபப்படவில்லை. "ஏம்மா, பகல் பூராவும் அங்கனதான் கிடக்கேன். வீட்டுக்கு வந்தும் அதையே வரையணுமாக்கும்?" என்றார்.

வடிவின் முகம் முதலில் வெளுத்தது, பிறகு காது வரை சிவந்தது. என்னைப் பார்த்தாள். நான் உதவி செய்யவில்லை. "தப்பா சொல்லிட்டேன், அண்ணாச்சி" என்றாள். ஆனாலும் கை நிற்கவில்லை. நோட்டில் விரலை வைத்து, "அந்த வாலை மட்டும் கொஞ்சம் வளைச்சா..." என்று ஆரம்பித்தாள்.

"வாலு அப்படித்தான் இருக்கும்" என்று நோட்டை மூடிவிட்டார் அவர்.

பரிகாரமாக ஒரு காரியம் செய்தாள். அவரிடம் கேட்டு, ஒரு ஜூமோவைப் படம் பிடித்து, 'இஞ்ஞாசி, தூத்துக்குடி' என்று பெயர் போட்டுத் தன் கணக்கில் வெளியிட்டாள். அவளுடைய எந்தக் கூபுவுக்கும் வராத கூட்டம் அதற்கு வந்தது. இதில் ஒரு வெகுளித்தனம் இருக்கிறது, ஒரு கோட்டில் ஒரு வாழ்க்கையே இருக்கிறது என்றெல்லாம் எழுதினார்கள். வடிவுக்கு அது கொஞ்சம் வலித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு நாள் அவள் கூபு வரையவில்லை. மூன்றாம் நாள் வரைந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை இஞ்ஞாசி சிப்பி மூட்டை ஒன்றின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்க, நான் வந்திருந்ததையெல்லாம் அவருக்கு ஒவ்வொன்றாகத் தமிழில் படித்துச் சொன்னேன். இந்த ஓவியர் கலரில் வரைவாரா? வாரம் எத்தனை போடுவார்? என் பூனையை இதே பாணியில் வரைந்து தருவாரா? எப்போது கூபுவை வரையப்போகிறார்?

"என்னன்னு பதில் போட, அண்ணாச்சி?" என்று கேட்டாள் வடிவு.

அவர் டீயை ஒரு வாய் குடித்து, யோசித்தார்.

"ஆளு கடலுக்குப் போயிருக்காருன்னு போடுங்க" என்றார்.